அஞ்ச வைத்தலும் நம்ப வைத்தலும்

ஒரு நாட்டுக்கு உலகில் மதிப்பு இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? மற்றவர்கள் அதன்மேல் கைவைக்க அஞ்சும்போதா, அல்லது அதன் சொல்லை நம்பும்போதா? நான் குடியுரிமை பெற்று வாழும் அமெரிக்கா, தன் தொடக்க காலத்தில் கடல் கடந்து நடத்திய ஒரு போரைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தவரை அமெரிக்கக் கப்பல்களுக்கு பிரிட்டிஷ் கடற்படையின் காவல் இருந்தது. விடுதலையோடு அந்தக் காவலும் போயிற்று. மத்தியதரைக் கடலில் அல்ஜியர்ஸ், திரிப்போலி போன்ற வட ஆப்பிரிக்க அரசுகள், கப்பம் கட்டாத நாடுகளின் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளை அடிமைகளாக்கின. 1786இல் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் இதுபற்றிக் கடிதங்களில் வாதிட்டார்கள். போரைவிடக் கப்பம் செலவு குறைந்தது என்பது ஆடம்ஸின் கணக்கு. போரே நியாயமானது, அது ஐரோப்பாவில் நமக்கு மதிப்பைத் தேடித்தரும் என்பது ஜெஃபர்சனின் வாதம்.

ஜெஃபர்சன் அதிபரான 1801ஆம் ஆண்டு மே மாதம், திரிப்போலியின் ஆட்சியாளர் யூசுப் கரமான்லி கூடுதல் பணம் கேட்டுக் கிடைக்காததால், அமெரிக்கத் தூதரகத்தின் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்தார். அதுதான் போர் அறிவிப்பு. 1803இல் ‘பிலடெல்பியா’ என்ற போர்க்கப்பல் திரிப்போலி அருகே தரைதட்டியது. அதிலிருந்த 307 பேரும் சிறைப்பட்டார்கள்.

அவர்களை மீட்க ஒரு வழி தென்பட்டது. யூசுப் தன் அண்ணன் ஹாமத்தை விரட்டிவிட்டே ஆட்சியைப் பிடித்திருந்தார். வில்லியம் ஈட்டன் என்ற அமெரிக்க அதிகாரி ஹாமத்தை எகிப்தில் தேடிக் கண்டுபிடித்தார். அரியணையை மீட்டுத் தருவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். எட்டு அமெரிக்க மரீன் வீரர்களும் சில நூறு அரபு, கிரேக்கக் கூலிப்படையினரும் பாலைவனத்தைக் கடந்து 1805 ஏப்ரலில் டெர்னா நகரைக் கைப்பற்றினார்கள்.

அந்த வெற்றி யூசுப்பைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. ஜூன் மாதம் உடன்படிக்கை ஆயிற்று. 60,000 டாலருக்குக் கைதிகள் விடுதலையானார்கள். ஈட்டனும் ஹாமத்தும் இரவோடு இரவாகக் கப்பலேறினார்கள். அவர்களை நம்பி வந்த படையினரில் பெரும்பாலோரும் துணை நின்ற நகரத்தாரும் கரையிலேயே விடப்பட்டார்கள். ஹாமத்தின் மனைவியையும் குழந்தைகளையும் மேலும் நான்கு ஆண்டுகள் யூசுப் பிணையாக வைத்துக்கொள்ளலாம் என்ற ரகசியப் பிரிவு ஒன்றும் அந்த உடன்படிக்கையோடு இருந்தது.

சமாதானம் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னூறு மாலுமிகளின் குடும்பங்கள் காத்திருந்தன. ஒருவரை அரியணையில் ஏற்றுவதற்காக அவர்களைச் சிறையிலேயே விட்டிருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. வாஷிங்டன் ஈட்டனுக்குக் கொடுத்த அனுமதி மங்கலானது. ஈட்டன் ஹாமத்துக்குக் கொடுத்த வாக்கு தெளிவானது. என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி மங்கலாக இருந்தால், அதன் சுமை கடைசியில் பேரம் பேச வலுவில்லாதவர் தலையில்தான் விழும். அந்த மங்கல் பல நேரம் தற்செயலாக வருவதில்லை. அது வலுவுள்ளவருக்கு வசதியாக இருப்பதால் யாரும் அதைத் திருத்துவதில்லை.

ஜெஃபர்சன் எதிர்பார்த்த மதிப்பு கிடைத்தது உண்மைதான். 1815இல் அல்ஜியர்ஸுடனான அடுத்த போரோடு அமெரிக்கா கப்பம் கட்டுவது நின்றது. தன் மாலுமிகளுக்காக ஒரு நாடு இவ்வளவு தூரம் வரும் என்பதை உலகம் கண்டது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இன்று நான் எந்த விமான நிலையத்திலும் தயங்காமல் நீட்டும் கடவுச்சீட்டின் வலிமை அப்படிப்பட்ட வரலாறுகளிலிருந்தும் வருகிறது.

ஆனால் ஐரோப்பிய அரசவைகள் தந்த மதிப்பெண் ஒன்று; டெர்னாவின் கரையில் நின்றவர்கள் தந்திருக்கக்கூடிய மதிப்பெண் வேறு. பெரிய நாடுகளின் வாக்கை நம்பிக் காத்திருந்த மக்களின் கதை நம்மில் பலருக்குப் புதிதல்ல. அந்தக் கரையில் நாம் யார் பக்கத்தில் நின்றிருப்போம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மரீன் படையின் பாடலில் திரிப்போலியின் பெயர் இன்றும் உண்டு. ஹாமத்தின் பெயர் அதில் இல்லை. இந்த நாட்டிலேயே பிறந்த என் பிள்ளைகளுக்கு அந்த வெற்றியைச் சொல்லும்போது, அவருடைய பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நாட்டின் பெருமையில் பங்கு கேட்கிறவர்களுக்கு அதன் கடனிலும் பங்கு உண்டு.