கொடுத்தது யார் கணக்கில்?

வணிகச் சகோதரர்களே! வரவையும் பற்றையும் மாற்றி எழுதும் கணக்கப்பிள்ளையை நாம் ஒரு மாதம்கூட வைத்திருக்க மாட்டோம். ஆனால் தருமம் என்று வரும்போது, எது யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதை நாம் நிதானித்துப் பார்க்கின்றோமா?

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் ஓர் ஏலம் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, மின்சாரத்தால் ஓடும் புதிய ஹம்மர் வண்டிகளில் முதல் இலக்கம் பெற்ற வண்டியை அங்கே தருமத்துக்காக ஏலம் விட்டது. ஆயிரம் குதிரைசக்தி கொண்ட வண்டி அது. அந்த ரகத்தின் கடை விலை 1 லட்சத்து 12 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். ஏலத்தில் அது 25 லட்சம் டாலருக்குப் போயிற்று. கடமையில் உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கு வீடு அமைத்துத் தரும் ஓர் அறநிலையத்துக்கு அத்தொகை சேர்ந்தது.

இதில் கொடையாளி யார்? கம்பெனி கொடுத்தது ஒரு வண்டி. அதற்குமேல் ஏறக்குறைய 24 லட்சம் டாலரைக் கொடுத்தவர் ஏலம் எடுத்தவர். கம்பெனிக்கோ உலகெங்கும் விளம்பரம் கிடைத்தது. வாங்கியவருக்கு முதல் வண்டி என்னும் பெருமை கிடைத்தது. அப்படியானால் இது தருமமன்று, வியாபாரம் என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வாறு அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. வீடு பெற்ற விதவைக்கு அந்தப் பணம் யாருடைய பெருமையிலிருந்து வந்தது என்பது பொருட்டன்று. அவளுக்குக் கூரை கிடைத்தது. பகிரங்கமாகக் கொடுப்பதும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று; மறைவாகக் கொடுப்பது அதனினும் மேல் என்பதே போதனை.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த வண்டியை விற்காமல், வண்டியாகவே அந்த நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? அதற்குக் கொட்டகை வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும். மின்னூட்டம் ஏற்ற வசதி வேண்டும். ஓடாமலும் மின்னூட்டம் இல்லாமலும் நெடுநாள் கிடந்தால் அதன் பேட்டரி கெட்டுப்போகும். விலையுயர்ந்த பொருளே பெருஞ் சுமையாகியிருக்கும். 2017ஆம் ஆண்டு லம்போர்கினி கம்பெனி தமக்கு அன்பளித்த காரைப் போப் பிரான்சிஸ் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அது 2018இல் ஏலம் விடப்பட்டு, 7 லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்த பணம் அறப்பணிகளுக்குப் போயிற்று. காரை ரொட்டியாகவும் கூரையாகவும் மாற்றிய பிறகுதான் அது தருமமாயிற்று.

இதை எழுதும் எனக்கே ஒரு கடன் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என் கடையில் விலைபோகாமல் கிடந்த பெரிய ஐஸ்பெட்டி ஒன்றை ஓர் அநாதை நிலையத்துக்கு அனுப்பினேன். பெட்டியின் மேல் கடையின் பெயரும் பொறித்திருந்தது. ஆறு மாதம் கழித்து அங்கே போனபோது, அதனுள் பழைய துணிகள் அடுக்கப்பட்டிருக்கக் கண்டேன். “கரண்டு பில் கட்டி முடியவில்லை, முதலாளி. விற்றுவிடலாம் என்றால், நீங்கள் கொடுத்ததாயிற்றே, உங்கள் மனம் நோகுமே என்று வைத்திருக்கிறோம்” என்றார் நிர்வாகி. பிள்ளைகளின் அரிசிப் பணத்தில் இரண்டு மாதக் கரண்டு பில்லை என் தருமம் தின்றிருந்தது! வாசல்வரை வந்து வழியனுப்பிய அம்மனிதரின் மரியாதை இன்றும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நிலம் கிடைத்தது. அதனினும் மேலான சொத்து அவர்களிடம் இருந்ததில்லை. அதை என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நிலத்தை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தருமம் செய்யுமாறு யோசனை கிடைத்தது. இங்கே இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். கொடுத்தது மிச்சமன்று, மேலானது. கொடுக்குமுன் “எப்படி?” என்று கேட்டார்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் அவர்களின் பெயரால் விளங்கும் பள்ளிவாசலும் வக்ஃபும் அந்த வழியில் வந்தவையே. நிலம் ஆண்டுதோறும் வாடகை தரும். ஆகவே அதை நிறுத்திவைப்பது அறிவு. காரோ ஆண்டுதோறும் செலவு வைக்கும். ஆகவே அதை விற்பது அறிவு.

எனவே சகோதரர்களே, ஒரு பொருளைத் தருமமாக அனுப்புமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இது எனக்குப் பிரியமானதா, அல்லது என் கிட்டங்கியை அடைப்பதா? இதை வைத்திருக்க வாங்குபவருக்கு என்ன செலவாகும்? இதை விற்றுக்கொள்ள அவருக்கு நான் மனமார உரிமை தருகின்றேனா? மூன்றாவது கேள்விதான் கடினமானது. விற்கக் கூடாது என்று நாம் உள்ளூர எண்ணினால், அந்தப் பொருள் இன்னும் நம் கையைவிட்டுப் போகவில்லை. அதன் பாரம் மட்டுமே போயிருக்கிறது.

அந்த ஐஸ்பெட்டியை நானே விற்று, கிடைத்ததோடு என் பங்கையும் சேர்த்து அரிசியாக அனுப்பினேன். மூட்டையின் மேல் பெயர் எழுதவில்லை. அந்த இரண்டு மாத பில் யார் கணக்கில் எழுதப்பட்டதோ, அதை அல்லாஹ் மன்னிப்பானாக. பிரியமானதை, பெறுபவருக்குப் பயன்படும் வகையில் கொடுக்க நம் அனைவருக்கும் அவன் அருள் புரிவானாக. ஆமீன்.