பெரிய தீங்கும் சிறிய தீங்கும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பது காலரா, டைபாய்டு முதலிய நோய்கள் நம்மை அணுகாதிருக்கவே. ஆயினும் எந்தக் காவலுக்கும் கூலி உண்டு. மட்கிய இலைதழைகளின் கூறுகள் நீரில் இருந்தால், குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரோபாரம் போன்ற பொருள்களை உண்டாக்குகிறது. 1974-ல் ராட்டர்டாம் நகர நீர் ஆய்வாளர் ரூக் இதை வெளியிட்டார். நெடுங்காலம் மிகுதியாக அருந்துவோருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடக்கூடும் எனப் பிந்திய ஆய்வுகள் ஐயுறுகின்றன.

ஆகவே குளோரினைத் தள்ளிவிடலாமா? கூடாது. கிருமி சில நாட்களில் கொல்லும்; மற்றதோ பல்லாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஐயம். உலகச் சுகாதார நிறுவனமும் இதன்பொருட்டுக் கிருமிநீக்கத்தைத் தளர்த்தலாகாது என்றே கூறுகிறது.

ஆனால் சிறிய தீங்கை ஏற்பது வேறு. அதை மறைப்பது வேறு. அமெரிக்கா 1979-ல் இவ்வகைப் பொருள்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என வரம்பு கட்டிற்று. பின்னர் அதை 80 ஆக்கிற்று. குளோரின் சேர்க்குமுன் நீரை நன்கு தெளிவித்தால் இவை குறையும்.

வணிகர்களாகிய நமக்கு இந்நியாயம் புதிதன்று. சரக்கின் குறையைச் சொல்லி விற்பவர் நேர்மையாளர். சொல்லியதோடு நில்லாமல் அதைக் குறைக்கவும் முயல்பவரே நம்பிக்கைக்குரியவர். தண்ணீர் தருவோரிடமும் நாம் கேட்க வேண்டியது இதுவே.