சேர்த்து வைத்தலும் சுவைத்தலும்

பொருளைச் சேர்த்து வைப்பது எப்பொழுது விவேகமாகிறது, எப்பொழுது பேராசையாகிறது? இவ்வினா மிகப் பழையது. விளைச்சல் மிகுந்தபோது களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதியதன்று. ஆயினும் பொன்னையும் நிலத்தையும் பணத்தையும் வைத்தே நாம் இதனை ஆராய்ந்து பழகியுள்ளோம். எளியதோர் உணவுப் பண்டத்தைச் சேர்த்து, அடுக்கி, ஆண்டுக்கணக்கில் காத்து, பின் சுவைத்து மகிழ்கின்ற மனிதரைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டா? அத்தகையோர் உளர். அவர்கள் சேர்ப்பது தகரப் பெட்டியில் அடைத்த மத்தி மீன்.

நம் கடற்கரைகளில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனுக்கு உறவான ஓரினம் ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரைகளில் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. பிரான்சிலும் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அதனை எண்ணெயில் இட்டுத் தகரப் பெட்டிகளில் அடைக்கின்றனர். பெரும்பாலும் 125 கிராம் அளவுள்ள, உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. நூலகத்தில் நூல்களை அடுக்குவதுபோல் அப்பெட்டிகளை ஊர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கி வைப்போர் அந்நாடுகளிலும் பிற நாடுகளிலும் இருக்கின்றனர். மீன் டப்பாவைச் சேர்ப்பதும் ஒரு பெருமையா என்று நாம் நகைக்கலாம். நகைத்து முடித்தபின் சற்றே நின்று சிந்தித்தால், நம் அனைவரையும் தொடுகின்ற அறவினா ஒன்று அப்பெட்டிக்குள் அடங்கியிருப்பதைக் காண்போம்.

அப்பெட்டி எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் காண்போம். மீன் விரைவில் அழுகும் பொருள். உப்பும் வெயிலும் புகையுமே நெடுங்காலம் அதனைக் காத்து வந்தன. பிரெஞ்சு நாட்டில் இனிப்புப் பண்டங்கள் செய்து வந்த நிக்கொலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிக் கலங்களில் காற்றுப் புகாதவாறு அடைத்துக் கொதிநீரில் சூடேற்றினால் அது கெடாதிருக்கும் என்று கண்டறிந்தார். அம்முறையை அவர் 1810-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அரசு அவருக்கு 12,000 பிராங்கு அளித்தது. உணவு ஏன் அழுகுகிறது என்பதை அவரே அறியார். நுண்ணுயிர்களைப் பற்றிய லூயி பாஸ்டரின் விளக்கம் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. பின்னர்க் கண்ணாடியின் இடத்திற்குத் தகரம் வந்தது. 1820-களில் நாந்த் நகரில் ஜோசப் கொலேன் என்பவர் மத்தியைத் தகரப் பெட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். தொடக்கத்தில் விலை மிகுந்த பண்டமாயிருந்த அது, ஆலைகள் பெருகப் பெருக எளியோரின் கைக்கும் எட்டியது. மாலுமியும் போர்வீரனும் நகரத் தொழிலாளியும் அதனை உண்டனர். சுத்தபோசன நாள்களில் இறைச்சியை விலக்கிய கத்தோலிக்க இல்லங்களில் மீனுக்கு என்றும் இடமிருந்தமையால், கடலைக் கண்டிராத ஊர்களிலும் அப்பெட்டி வரவேற்கப்பட்டது. சுருங்கக் கூறின், ஒரு நாளின் மிகுதி மற்றொரு நாளின் குறைவை நிரப்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். இவ்வகைச் சேமிப்பை எவரும் குறை கூறார்.

ஆனால் காலப்போக்கில் மற்றோர் உண்மையும் புலப்பட்டது. நல்ல எண்ணெயில் அடைத்த மத்தி, பெட்டிக்குள் கெடாமலிருப்பது மட்டுமன்று, அது பக்குவமடைகிறது. எண்ணெய் மெல்ல மெல்லத் தசைக்குள் ஊறுகிறது. முள்ளும் மென்று விழுங்கத்தக்கவாறு மென்மையாகிறது. எண்ணெய் எங்கும் சீராகப் பரவும்படி சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திருப்பி வைப்பார்கள். திராட்சை இரசத்திற்கு ஆண்டு குறிப்பதுபோல், மீன் பிடிக்கப்பட்ட ஆண்டைப் பெட்டியின்மேல் பொறிக்கும் ஆலைகள் பிரான்சில் உண்டு. காலத்தை வெல்ல எழுந்த பெட்டி, இவ்வாறு காலத்தையே தனக்குத் துணையாகக் கொண்டது.

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. தலையான பாவங்கள் ஏழு என்று சிறுவயதில் மறைக்கல்வியில் மனனம் செய்திருக்கிறோம். அவற்றுள் லோபித்தனம் ஒன்று, போசனப்பிரியம் மற்றொன்று. மத்திப் பெட்டிகளைச் சேர்ப்பவர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறார். உண்ணாமல் வைத்திருந்தால் முதலாவது அவரை நெருங்குகிறது. சுவையை எண்ணி எண்ணி உண்டால் இரண்டாவது நெருங்குகிறது. அவர் எப்பக்கமும் விழாமல் நடக்க வழி உண்டா?

உண்டு என்றே கருதுகிறோம். சுவைத்தல் வேறு, போசனப்பிரியம் வேறு. போசனப்பிரியன் உணவில் தன்னையே தேடுகிறான். தன் வயிறு, தன் நாவு, தன் நிறைவு என்பவற்றுக்கு அப்பால் அவன் பார்வை செல்வதில்லை. சுவைக்கத் தெரிந்தவனோ உணவையே கவனிக்கிறான். இது எந்தக் கடலில் பிடித்தது, எப்பருவத்தில் கொழுத்தது, எவர் கையால் அடுக்கப்பட்டது என்று கேட்கிறான். பொருளின் நன்மையைப் பொறுமையோடு அறிய முற்படுவது நன்றியறிதலின் தொடக்கம்.

இவ்வேறுபாட்டை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். லிஸ்பன் நகரில் மத்திப் பெட்டிகளை ஆண்டு வாரியாக அடுக்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. பயணிகள் தாம் பிறந்த ஆண்டு அச்சிடப்பட்ட பெட்டியைத் தேடி வாங்குகின்றனர். அவ்வாண்டு மீனின் ஆண்டன்று, வாங்குவோரின் ஆண்டு. பிரான்சின் பெட்டியில் உள்ளதோ மீன் கடலிலிருந்து வந்த ஆண்டு. முன்னது நமக்கு ஒரு கண்ணாடி. பின்னது கடலை நோக்கித் திறந்த ஒரு சாளரம். பிறந்தநாள் பரிசாக ஒரு பெட்டியை வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் நாம் சேர்க்கும் பொருள்களில் எல்லாம் நம் முகத்தை மட்டுமே காண விரும்பினால், எவ்வளவு சேர்த்தும் நாம் எதனையும் அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

அச்சாளரத்தின் வழியே பார்ப்போர் முதலில் காண்பது மனிதக் கைகளை. பிரிட்டனிக் கரையில் துவார்னெனே என்னும் ஊர் மத்தி ஆலைகளால் வளர்ந்தது. தலை கொய்து, குடல் நீக்கி, பொரித்து, ஒவ்வொரு மீனாகப் பெட்டியில் அடுக்கியவர்கள் பெண்கள். மீன் அழுகுமுன் வேலை முடியவேண்டும் என்பதால், படகுகள் வந்த இரவெல்லாம் அவர்கள் நின்றே உழைத்தனர். உறக்கம் வராதிருக்க ஞானப் பாடல்களைப் பாடிக்கொண்டே வேலை செய்தனர். 1924-ஆம் ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்த கூலி மணிக்கு 80 சாந்தீம்; அஃதாவது, ஒரு பிராங்கில் ஐந்தில் நான்கு பங்கு. அவ்வாண்டு நவம்பரில் மணிக்கு ஒன்றேகால் பிராங்கு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறு வாரங்களுக்கும் மேலாகப் போராடி, 1925 சனவரியில் ஒரு பிராங்கு பெற்றனர். அவர்களுள் ஒருவரான ஜோசபின் பென்கலே, பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத அந்நாளில், 1925-இல் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் என்பதாலேயே அத்தேர்வு பின்னர்ச் செல்லாததாக்கப்பட்டது. ஒரு பெட்டியைத் திறந்து அதன் மீன்கள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்று வியப்பவர், அவ்வொழுங்கின் விலையையும் அறியக் கடமைப்பட்டவர். அழகை மட்டும் ஏற்று, அதற்குப் பின்னாலுள்ள உழைப்பை அறிய மறுக்கும் இரசனை அரைகுறை இரசனையே.

அடுத்து அவர் காண்பது கடலை. மத்தி எண்ணிறந்தது என்று மனிதர் நெடுங்காலம் நம்பினர். ஆனால் ஸ்பெயின், போர்ச்சுகல் கரைகளில் இளம் மீன்களின் வரவு ஆண்டுதோறும் குறைந்தது. கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றம் 2018-இல், அடுத்த ஆண்டு அங்கே மத்தி பிடிக்கவே வேண்டாம் என்று அறிவுரை கூறும் நிலை வந்தது. இரு நாடுகளும் பிடிப்பைக் குறைத்தன. பல மாதங்கள் வலையை ஒதுக்கி வைத்தன. மீன்வளம் மெல்ல மீண்டது. காத்திருத்தல் என்பது பெட்டிக்குள் மட்டுமன்று, கடலிலும் தேவைப்படும் அறம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பதுவைப் புனித அந்தோணியார் மீன்களுக்குப் போதித்த வரலாறு நாம் அறிந்ததே. அவர் பிறந்த லிஸ்பனில், அவரது திருநாளையொட்டித் தெருவெங்கும் மத்தியைச் சுட்டு உண்பர். அந்தோணியாரின் அப்போதனையை முன்னிறுத்தி, இயேசு சபையின் அந்தோனியோ வியெய்ரா அடிகளார் 1654-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள் பிரேசிலின் மரஞான் பகுதியில் மறையுரை ஆற்றினார். மீன்கள் ஒன்றையொன்று தின்கின்றன, அதிலும் பெரியவை சிறியவற்றைத் தின்கின்றன என்று அவர் மீன்களைக் கடிந்துகொண்டது, பூர்வ குடிகளை அடிமைப்படுத்திய குடியேறிகளின் செவிகளில் விழுவதற்காகவே.

அவ்வுரையை நினைக்கும்போது ஒரு மறுப்பும் எழுகிறது. ஏழையின் உணவைச் செல்வர் விளையாட்டுப் பொருளாக்கினால் அதன் விலை உயராதா? சிறியவற்றைப் பெரியவை விழுங்கும் கதைதானே இது? இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. எளிய உணவு நாகரிகப் பண்டமாகும்போது, அதனை நாள்தோறும் உண்டவர்கள் அதனை இழப்பது உண்டு. எனினும் மிக மலிவாக விற்கப்படும் பெட்டி எப்பொழுதும் ஏழைக்கு நன்மை செய்வதாகவும் கொள்ளலாகாது. அம்மலிவின் சுமையைத் துவார்னெனேயின் பெண்கள் தாங்கினார்கள். ஆதலால், கூடுதலாகக் கொடுக்கும் காசு மீனவரின் கைக்கும் ஆலைப் பெண்ணின் கைக்கும் சென்று சேருமாயின், அவ்விலை நீதியான விலையாகும். பெட்டியின் பளபளப்பிற்கே அது போய்விடுமாயின், மறுப்பு நிலைத்து நிற்கும். எப்பக்கம் போகிறது என்று விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவருக்கு உண்டு.

சேர்ப்பதற்கு ஓர் அளவுகோலும் வேண்டும். அதனை நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரத்துச் சிறுவர்களிடம் கற்கலாம். ப்ரிஸ்லிங் என்னும் சிறுமீனைப் பெட்டியில் அடைக்கும் ஆலைகள் மலிந்திருந்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குள்ள சிறுவர்கள் பெட்டிகளின் வண்ணச் சீட்டுகளைச் சேர்த்து, தம்முள் மாற்றிக்கொண்டனர். அவ்வூர் வழக்கில் அச்சீட்டிற்கு இட்டிஸ் என்று பெயர்; இன்று அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்று அப்பெயரையே தாங்கி நிற்கிறது. அவர்கள் சேர்த்தது சீட்டை; மீன் எவரேனும் ஒருவருக்கு உணவாயிற்று. உண்பதற்குரியதை உண்ணக் கொடுத்துவிட்டு, நினைவுக்குரியதை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வளவு நல்ல முறை!

பழைய பெட்டிகளைக் காப்போரும் இம்முறைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். ஆண்டுகள் செல்லச் செல்ல மத்தி பக்குவமடையும் என்பது உண்மையே. ஆனால் யாருக்காகப் பக்குவமடைகிறது? ஒருநாளும் திறக்கப்படாத பெட்டியில் உள்ள மீன், கடலிலும் வாழாமல், எவரது பசியையும் ஆற்றாமல், வீணே இறந்த மீன். ஆகவே, பெட்டியைத் திறக்கும் நாள் ஒன்று உண்டு என்ற எண்ணத்தோடு சேர்ப்பது விவேகம். திறக்க மனம் வராமல் சேர்ப்பது லோபித்தனம். எத்தனை பெட்டிகள் என்ற கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. விருந்தினர் ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, அலமாரியிலேயே நெடுநாள் பேணிய பெட்டியை நோக்கிக் கை நீளுகிறதா, அல்லது அதனை மறைத்து வைக்கிறதா என்பதே பிரித்துக் காட்டும்.

மத்திப் பெட்டியை அறியாதோர் நம்முள் பலர் இருக்கலாம். ஆயினும் திறக்காத பெட்டி இல்லாத வீடு அரிது. உடுத்தாத பட்டு, எவருக்கும் தராத நூல்கள், விருந்தினர் வந்தும் எடுக்காத பாத்திரங்கள் என அவை பலவாக நம்மிடம் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்தது தவறன்று. நல்லதை நல்லதென்று அறிந்து பேணியதும் தவறன்று. எந்த நாளுக்காகப் பேணினோமோ அந்த நாளை நாமே வரவொட்டாமல் தடுப்பதுதான் தவறு. ஏதேனும் ஒரு பெட்டியை இவ்வாரம் எடுத்துத் திறப்போம். தனியே அமர்ந்து அன்று, பகுத்துண்ண ஒருவரை அருகே அழைத்து.