காவலுக்கு வந்த பிள்ளை

இடையஞ்சாவடி. பள்ளி விட்ட மாலை நேரம்.

சீடன்: ஐயா, 'ஃபுல் மெட்டல் பேனிக்' என்று ஒரு ஜப்பானிய அனிமே. ஷோஜி கட்டோவின் நாவல்களை வைத்து 2002இல் எடுத்தது. சோசுகே பள்ளி வயதுப் பையன். 'மித்ரில்' என்ற ரகசியப் படையில் சார்ஜன்ட். ராட்சத இயந்திரத்துக்குள் அமர்ந்து போரிடுவான். கனாமே என்ற மாணவியைக் காக்க அவள் வகுப்பிலேயே வந்து சேர்கிறான். இப்படி ஒரு காவலன் யாருக்கு வாய்ப்பான்!

குரு: ஷூ அலமாரியை வெடிவைத்துத் தகர்ப்பானே, பார்த்தாயா?

சீடன்: விழுந்து விழுந்து சிரித்தேன். யாரோ திறந்திருக்கிறார்கள், குண்டு இருக்கும் என்று நினைத்துவிட்டான். உள்ளே இருந்தது காதல் கடிதம்.

குரு: நாவல்களில் அவன் ஆப்கானிஸ்தான் போரில் வளர்ந்தவன். பிறர் கைபட்ட பொருளில் சாவு இருக்கும் என்று பழக்கிவிட்டார்கள். நீ திறமை என்பது அதைத்தான்.

சீடன்: அதனால்தானே அவள் பிழைக்கிறாள்?

குரு: பிழைக்கிறாள். அதற்கு யார் விலை கொடுத்தது?

சீடன்: கற்பனைதானே ஐயா.

குரு: அந்தத் தொடர் தொடங்கிய மறுமாதமே, 2002 பிப்ரவரி 12இல், 18 நிரம்பாதவரைப் போர்முனைக்கு அனுப்பக் கூடாதென்ற ஐ.நா. நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. கற்பனைக்காகவா அதை எழுதினார்கள்? மரக்காணம் பக்கம் கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்கள் ஈழப் போருக்குத் தப்பி வந்தவர்கள். அந்தப் போரில் பள்ளிப் பிள்ளைகளும் துப்பாக்கி தூக்கினார்கள். எழுத்தாளர் ஷோபாசக்தி பதின்வயதில் ஈழப் போராளி இயக்கத்தில் இருந்தவர். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்' படத்தில் முன்னாள் போராளியாக நடித்தார். படத்தில் அந்தப் போராளிக்குப் போர் முடிந்துவிட்டது, ஆணையிட ஆளில்லை. முன்பின் அறியாத ஒரு பெண்ணும் சிறுமியும் குடும்பமென்று உடன் இருக்கிறார்கள். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் கும்பல்கள் சுட்டுக்கொள்ளும்போது, தரையில் வெள்ளைக் கோடு போட்டு, இங்கே சுடக் கூடாது என்கிறான்.

சீடன்: சோசுகேவையும் ஒரு கட்டத்தில் காவலிலிருந்து விலக்குகிறார்கள், 2005இல் வந்த அதன் தொடர்ச்சியான 'தி செகண்ட் ரெய்ட்'இல். நொறுங்கிப்போகிறான்.

குரு: ஏன்?

சீடன்: வேலை போனதால்... இல்லை. வேலை போன பிறகும் அவள் நினைவு போகவில்லை. திட்டுவாள், காகித விசிறியால் அடிப்பாள். ஆனால் அவனைச் சிப்பாயாக நடத்தாமல் பையனாக நடத்தியவள் அவள்தான்.

குரு: அப்படியென்றால் அந்த வகுப்பில் யார் யாரைக் காத்தார்கள்?

சீடன்: அவளும் அவனைக் காத்தாள். ஆனால் ஐயா, இரண்டும் பிள்ளைகள். பெரியவர்கள் எங்கே போனார்கள்?

குரு: அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் போ, படித்துவிட்டுப் பேசுவோம்.