எவருடைய பொற்காலம்?

யாழ்ப்பாணத்திலே அறுபது வயதைக் கடந்த எவரிடமும் புகையிரதப் பேச்சை எடுத்துவிட்டால், அன்று வேறு பேச்சு நடைபெறாது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, இரவுத் தபால் வண்டி, கொழும்பில் உத்தியோகம் பார்த்த தந்தையின் வாரண்டிலே குடும்பம் முழுவதும் விடுமுறைக்கு ஊர் திரும்பிய பெருமை, யன்னலோர இருக்கைக்கு நடந்த சண்டை, வாழையிலையிற் கட்டிய புட்டு, ஆனையிறவு உப்பளத்தைக் கண்டதும் எழுந்த ஆரவாரம்! சொல்லச் சொல்ல முதியவர் சிறுவராகி விடுவர்.

நாமோ அந்தப் பேச்சைக் கேட்டு, வண்டியைக் காணாது வளர்ந்தவர்கள். 1990 இல் வடக்குக்கான சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நமக்குப் புகையிரதப் பாதை என்பது மாடு மேய்ந்த மேடு. நிலையம் என்பது கூரையில்லாச் சுவர். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது நாம் குழந்தைகளல்லர். எனினும் முதற் பிரயாணத்திலே ஆனையிறவைக் கண்டதும் நம் கண் கலங்கிற்று. ஒருபோதும் நமக்கு இருந்திராத ஒன்றை இழந்ததாக நாம் அழுதோம். தந்தையின் காணியைப் போல அவருடைய நினைவும் முதுசமாக நம்மிடம் வந்துவிட்டது. முதுசத்தோடு கடனும் வருமென்பது ஊரறிந்த வழக்கு.

அந்தக் கடனை நமக்கு உணர்த்தியவர், மலையகத்திலிருந்து வந்து நம்மோடு கற்பித்த மூத்த ஆசிரியரொருவர். ஒருநாள் ஆசிரியர் அறையில் நாம் வண்டிப் புராணத்தை உற்சாகமாக விரித்துக் கொண்டிருந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "உங்களுக்கு அது யாழ்தேவி, சேர். எங்க சனங்களுக்கு அது ஒப்பாரிக் கோச்சி" என்றார்.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரை 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. தேயிலைப் பெட்டிகளைக் கூட இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள். போகவேண்டியவர்கள் மலைநாட்டு நிலையங்களில் வண்டியேறித் தலைமன்னார் சென்று, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர். மேடையில் நின்ற உறவினர் ஒப்பாரி வைத்தபடி வண்டியோடு ஓடினர்.

வரைபடத்தைப் பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். பொல்காவலை முதல் மதவாச்சி வரை அந்த வண்டிக்கும் நம் வண்டிக்கும் தண்டவாளம் ஒன்றே. மதவாச்சியிலேதான் தலைமன்னார்ப் பாதை பிரிகின்றது.

புட்டுண்டு யன்னலோரம் அமர்ந்த குழந்தை இதையெல்லாம் அறிந்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. குழந்தையின் மகிழ்ச்சி பொய்யுமன்று, குற்றமுமன்று. ஆனால் அம்மகிழ்ச்சிக்குப் 'பொற்காலம்' என்று பெயரிடுவது குழந்தையா? பெயரிடுபவன் வளர்ந்தவன், அடுத்த பெட்டியில் எவர் இருந்தார் என்று விசாரிக்கத் தெரிந்த வயதினன். இழந்தவனுடைய ஏக்கம் நியாயமானதே; அந்த நியாயமே அவனுடைய காதை அடைத்துவிடவும் கூடும். போரினால் நாம் இழந்தது பெரிது. அதைச் சொல்லிச் சொல்லியே, நமக்கு முன்னர் அதே பாதையில் ஊரை இழந்து போனவர்களைக் கணக்கில் விட்டுவிட்டோம். (தொழிலாளரைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு, முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பில் ஊர் திரும்பும் நம்மவரில் நாமும் அடக்கம்.)

அன்று மாலை எம் தந்தையாரிடம் ஒப்பாரிக் கோச்சியைப் பற்றிக் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"சின்ன வயசிலை ஒருநாள் இரவு, மதவாச்சியிலை பக்கத்திலை ஒரு கோச்சி நிண்டது. பொம்பிளையள் ஒப்பாரி சொல்லி அழுதவை. ஆரோ செத்துப்போச்சினமாக்கும் எண்டு நினைச்சன். அம்மா யன்னலைப் பூட்டச் சொன்னா."

"பூட்டினனீங்களோ?"

"பூட்டினன். பிறகு புட்டுப் பார்சலை அவிழ்த்தனாங்கள்."