பாத்திக் விற்று வாங்கிய மண்

46 வயதில் வேலை போனது. மறு வாரம், வீட்டில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினேன். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தின் பலகை கண்ணில் பட்டது, இறங்கிவிட்டேன். நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுக்கும்போதே ‘தண்டச் செலவு’ என்று மனசு முணுமுணுத்தது. இருபது ஆண்டு கணக்கு எழுதிய மனசு அல்லவா!

உள்ளே கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. எழுத்து மாதிரி இருக்கிறது, வாசிக்க வரவில்லை. கணக்கு மாதிரி இருக்கிறது, கூட்ட வரவில்லை. நடுவே ஜாதகக் கட்டம் போல் ஏதோ. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை அது. 1911இல் பிறந்தவர் அதைத் தொடங்கியது 1963இல். எண்ணிப் பார், 52 வயது! நிலக்காட்சிகள் வரைந்து அதற்கு முன்பே பெயர் வாங்கியவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். சால்வையும் மாலையும் வாங்கிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். பெயர் தந்த பாணியை ஒதுக்கிவிட்டு, மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார் மனிதர். நானோ 46இல் ‘எல்லாம் முடிந்தது’ என்று திரிந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆனால் என்னை உலுக்கியது ஓவியமல்ல, கால் பதித்து நின்ற அந்த மண்.

‘கலை சோறு போடாது’ என்று ஊரே சொல்லும். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஊரோடு வாதாடவில்லை. பாத்திக் துணி செய்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுக்கும் வேலை, முதுகொடியும். மெழுகு விரிசல் விட்டால் சாயம் உள்ளே ஓடி நரம்பு நரம்பாகக் கோடு விழும். அந்தக் கோடுதான் பாத்திக்குக்கே அழகு. அந்தக் கைவினைப் பொருள்களை விற்ற காசில் கடலோர மணல்வெளியை வாங்கி, 1966இல் கிராமத்தை அமைத்தார்கள். ‘நான் ஓவியன், துணிக்குச் சாயம் போடுவதா?’ என்று முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு செங்கல் ஏறியிருக்காது!

தம்பி, தங்காய், உன்னைக் கட்டிப்போட்டிருப்பது திறமைக் குறைவு என்றா நினைக்கிறாய்? இல்லை. ‘இந்த வேலையை நானா செய்வது?’ என்கிற வறட்டுக் கௌரவம்! அதைக் கழற்றி எறி! இட்லி மாவு விற்றுக்கொண்டே தேர்வுக்குப் படி. பகலில் பார்சல் சுமந்துவிட்டு ராத்திரி கதை எழுது. உன் கனவுக்கு உன் கையே படியளக்கட்டும். அப்போது எவன் உன்னை வெளியே போ என்பான்? உதட்டைப் பிதுக்கும் உறவினர்களா உன் வாடகையைக் கட்டுகிறார்கள்?

இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அங்கே போவதற்கு ஆறு நாள் முன்னால்தான் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, “சார், ஜி.எஸ்.டி. கணக்கைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?” என்று கேட்டார். மேலாளர் நாற்காலியில் இருந்தவனிடம் மளிகைக் கணக்கா என்று பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

கிராமத்தின் சிற்பத் தோட்டத்தில் நின்றபடியே போனை எடுத்தேன். “அண்ணாச்சி, நோட்டை எடுத்து வையுங்க, சாயங்காலம் வர்றேன்.”

நீ யாருக்குப் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறாய்? போனை எடு.