'எங்கள்' என்ற சொல்லும் ஒரு பாடகரின் குரலும்

ஒரு குரல் நம்மை ஈர்க்கிறது. அந்தக் குரல் எந்த இயக்கத்துக்காகப் பாடியதோ அந்த இயக்கம் நம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றியது. அந்தக் குரலை நாம் என்ன செய்வது? கேட்கலாமா, கேட்கக் கூடாதா? கேட்டால் நாம் யாருக்குத் துரோகம் செய்கிறோம்? கேட்காவிட்டால் எதை இழக்கிறோம்? வன்னியில் வேர்கொண்ட முஸ்லிம் ஒருவனுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. முள்ளியவளைப் பக்கம் பிறந்து புத்தளத்து மண்ணில் வளர்ந்தவன் நான். எஸ். ஜி. சாந்தனின் குரல் எங்காவது கேட்டால் என் விரல் தாளம் போடுகிறது. மனமோ ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று விரலைப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

சாந்தன் கிளிநொச்சியைத் தன் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர். கோயில் திருவிழா மேடைகளில் பாடிப் பெயரெடுத்தவர். இசை நாடக மேடையிலும் ஏறியவர். பின்னர் விடுதலைப் புலிகளின் பாடல்களைப் பாடத் தொடங்கி, அந்தப் பாடல்களுக்கே முகவரி என்று சொல்லத்தக்க குரலாக ஆனார். அவர் பாடிய பல பாடல்களை எழுதியவர் புதுவை இரத்தினதுரை. 1948இல் புத்தூரில் பிறந்து, சிற்பத் தொழில் தெரிந்து, இடதுசாரிக் கவிஞராக எழுதத் தொடங்கி, இயக்கத்தின் கலை பண்பாட்டுக் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்து, 'வெளிச்சம்' இதழை நடத்தியவர் அவர். 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர். இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சாந்தன் போருக்குப் பின்னும் வாழ்ந்து, சிறுநீரக நோயால் நலிந்து, 2017 பெப்ரவரி 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் காலமானார். எழுதியவரின் முடிவு தெரியாது, பாடியவரின் முடிவு தெரியும், பாடல் மட்டும் இருக்கிறது.

அந்தப் பாடல் எப்படிப் பரவியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1990க்குப் பின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். கை களைத்தால் பாட்டும் களைக்கும். அப்படிக் கேட்ட பாடலை மனிதர் எளிதில் மறப்பதில்லை. 1990 நவம்பரில் 'புலிகளின் குரல்' வானொலி தொடங்கியது. ஒலிநாடாக்கள் கைமாறின. சினிமாப் பாட்டுக்கு வெளியே, தன் ஊர்ப் பெயரும் தன் இழவும் தன் பேச்சும் கலந்த பாட்டு ஒன்றை வடக்கின் தமிழன் முதன்முறையாகப் பரவலாகக் கேட்டான் எனலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தப் பாடல் அழ ஓர் இடம் கொடுத்தது. இதைப் பிரசாரம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த வானொலி தொடங்குவதற்கு முந்திய மாதம் என்ன நடந்தது? 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மாவட்டங்களில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தண்ணீரூற்றிலும் நாச்சிக்குடாவிலும் பள்ளிவாசல்களில் பாங்கொலி நின்றது. மண்ணைப் பற்றிய பாடல்கள் ஓங்கி ஒலிக்கத் தொடங்கிய காலமும், அந்த மண்ணில் ஒரு சமூகத்தின் குரல் அடங்கிய காலமும் ஒன்றே. ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமத்துத் தமிழ்ச் சனம் மூட்டையோடு தெருவில் இறங்கியது. அவர்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். சாந்தனின் குரல் அவர்களுக்கு ஆறுதல் சொன்னது. இரண்டு பயணங்களும் ஒரே திகதியில் நடந்தன. பாடல் கிடைத்தது ஒன்றுக்குத்தான்.

இங்கே ஓர் இலக்கண விடயத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகை. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். 'நமது மண்' என்பதும் 'எங்கள் மண்' என்பதும் ஒரே பொருளைச் சொல்லும் இரண்டு வழிகள் அல்ல. அரபியில் இந்தப் பிரிவு இல்லை. 'நஹ்னு' என்ற ஒரே சொல் போதும். சிங்களத்தில் 'அபி' ஒன்றுதான். தமிழன்தான் வாயைத் திறக்கும்போதே, யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இயக்கப் பாடல்களில் மண்ணோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் 'எங்கள்'தான். அதில் தவறில்லை என்று வாதிடலாம். அது ஆட்சியாளரையும் படையினரையும் நோக்கிச் சொன்ன சொல். அவர்களை வெளியே நிறுத்தத்தான் அந்தச் சொல் வேண்டும். உண்மைதான். ஆனால் படையினரின் விமானம் குண்டு போட்டபோது ஒரே பதுங்குகுழியில் ஒதுங்கிய முஸ்லிம் அயலவன் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் தானும் இருப்பதாகவே எண்ணியிருந்தான். சொல் மாறவில்லை. சொல்லுக்குள் இருந்தவர்களின் தொகை ஒரே மாதத்தில் மாறியது. பாடல் அந்த மாற்றத்தைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: கலை வேறு, அரசியல் வேறு. இதை ஏற்க முடியாது. சாந்தனின் பாடலிலிருந்து அரசியலைக் கழித்தால் மிஞ்சுவது பாடல் அல்ல, வெறும் மெட்டு. அவரே அப்படிக் கழித்துக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டார்.

இரண்டாவது பதில்: வெளியேற்றியவர்களின் பாடல், ஆகவே ஒதுக்கு. இது கோபத்துக்குப் பொருத்தமான பதில். நீதிக்குப் பொருத்தமானதா? சூரத்துஷ் ஷுஅராவின் இறுதியில் கவிஞர்களைப் பற்றிக் கடுமையான கண்டனம் வருகிறது. பள்ளத்தாக்குகளில் தட்டழிந்து திரிபவர்கள், செய்யாததைச் சொல்பவர்கள் என்ற கருத்து. ஆனால் உடனேயே ஒரு விதிவிலக்கும் வருகிறது. ஈமான் கொண்டு நல்லமல் செய்து, இறைவனை அதிகம் நினைத்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொண்டவர்கள் அந்தக் கண்டனத்தில் சேர மாட்டார்கள். வசனம் பேசும் கவிஞர்கள் நம்பிக்கையாளர்கள் என்பதை மறக்கவில்லை. ஆயினும் அநீதிக்கு ஆளானவன் வாய் திறப்பதற்கு அங்கே ஒரு தனி இடம் இருப்பதை நான் கவனிக்கிறேன். 1983இன் தமிழனும் 2009இன் தமிழனும் அநீதிக்கு ஆளானவர்கள்தான். ஆனால் அதே வசனம், அநீதி செய்தோர் தாம் எங்கே திரும்பப் போகிறோம் என்பதை அறிவார்கள் என்ற எச்சரிக்கையோடுதான் முடிகிறது. அநீதிக்கு ஆளானவனே அநீதி செய்பவனாகவும் ஆகலாம். ஒன்று மற்றதை அழித்துவிடாது.

மூன்றாவது பதில்: எழுதியவர் ஒருவர், கட்டளையிட்டவர் இன்னொருவர், அவர் வெறும் பாடகர். இது பாடகருக்குச் செய்யும் அவமரியாதை. கடிதத்தைக் கொண்டுவரும் தபாற்காரனுக்குக் கடிதத்தின் பொறுப்பு இல்லை. பாடகர் தபாற்காரன் அல்ல. காகிதத்தில் கிடந்த வரியைச் சனம் நம்பியது அவருடைய குரல் அதை நம்பியதால்தான். போரின் கடைசிக் காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்த வன்னியில், பிள்ளைகளைப் பதுக்கி வைத்த வீடுகளுக்கும் இந்தப் பாடல்களின் சத்தம் கேட்டிருக்கும். அதே நேரம், பாஸ் இல்லாமல் வெளியேற முடியாத ஒரு நிலப்பரப்பில் வாழ்ந்த கலைஞருக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது என்பதையும் எடைபோட வேண்டும். பொறுப்பு உண்டு. அது முழுவதும் அவருடையது அல்ல.

தூர தேசத்து உதாரணம் ஒன்று இதைத் தெளிவாக்கும். மெக்சிகோவில் 'கொரிதோ' என்ற கதைப்பாடல் வடிவம் உண்டு. நம்முடைய கட்டபொம்மன் கதைப்பாடலைப் போன்றது. 1910இல் தொடங்கிய புரட்சியின் படைத்தலைவர்களைப் பாடிய அதே வடிவம் பின்னர் போதைப்பொருள் கடத்தல் தலைவர்களையும் பாடியது. சலினோ சான்செஸ் என்ற பாடகர் பணம் பெற்று ஆட்களின் பெயரில் பாடல் கட்டிப் புகழடைந்தார். 1992இல் குலியாக்கான் நகரில் இசை நிகழ்ச்சி ஒன்றின் பின் கொல்லப்பட்டார். 2025 ஏப்ரலில் லூயிஸ் ஆர். கொன்ரிகெஸ் என்ற பாடகர் தெஸ்கோகோ என்ற ஊரின் மேடையில், கடத்தல்காரரைப் புகழும் பாடல்களை இனிப் பாடமாட்டேன் என்றார். கூட்டம் மேடையேறி வாத்தியங்களை அடித்து நொறுக்கியது. கூலிக்குப் பாடிய கடத்தல்காரன் புகழும், இழவு வீட்டுச் சனத்துக்காகப் பாடிய வன்னிப் பாடலும் ஒன்றல்ல. அப்படிச் சமன்படுத்துவது அநியாயம். ஆனால் தெஸ்கோகோவில் உடைந்த வாத்தியங்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றன: பாடகர் நிறுத்த நினைத்தாலும் கேட்பவர் விடுவதில்லை. பாடலின் பொறுப்பில் பாதி கேட்பவரிடம் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலியும் இஹ்யாவில் ஸமாஉ பற்றிப் பேசுகையில் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். இசை உள்ளத்தில் இல்லாததைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதை அசைக்கிறது என்ற முன்னோர் கருத்தை எடுத்துச்சொல்லி, கேட்பவரின் நிலையை வைத்தே அதன் தீர்ப்பை ஆராய்கிறார். அப்படியானால் சாந்தனின் குரல் எனக்குள் எதை அசைக்கிறது? நான் தேடிப் பார்த்தேன். அது இயக்கத்தை அசைக்கவில்லை. பறிபோன காணியை, தண்ணீரூற்றுப் பக்கத்துக் கிணற்றை, திரும்ப வேண்டும் என்ற ஆசையைத்தான் அசைக்கிறது. என்னை வெளியே நிறுத்திய பாடலே என் ஏக்கத்தை என்னைவிட நன்றாகச் சொல்கிறது. இதில் ஒரு கசப்பும் உண்டு, ஒரு சாட்சியமும் உண்டு. நாங்கள் அந்த மண்ணுக்கு அந்நியர் என்றால் அந்தப் பாடல் எங்களை அசைத்திருக்காது.

ஆகவே சாந்தன் பாடியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. என் முறைப்பாடு பாடப்படாததைப் பற்றியது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைமையும் முஸ்லிம் காங்கிரஸ் தலைமையும் சந்தித்தன. முஸ்லிம்களின் மீள்திரும்பல் உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. காகிதத்தில் வந்தது பாட்டில் வரவில்லை. நான் கேட்ட இயக்கப் பாடல்களில் ஒன்றிலும் ஒக்டோபர் 1990 இல்லை. அந்தக் குரல் ஒரே ஒருமுறை அதைப் பாடியிருந்தால், ஓர் ஒப்பந்தம் செய்ய முடியாததை அது செய்திருக்கும்.

நாகூர் ஈ. எம். ஹனிபாவை ஒப்பிடத் தோன்றுகிறது. அவரும் ஒரு கட்சிக்காக வாழ்நாளெல்லாம் பாடியவர். திராவிட முன்னேற்றக் கழக மேடைகளின் குரல். 2015இல் அவர் காலமானபோது கட்சி எல்லையையும் மத எல்லையையும் கடந்து சனம் துக்கப்பட்டது. அவருடைய இறைப் பாடல்களைக் கோயில் உள்ள ஊர்களிலும் ஒலிபெருக்கியில் கேட்கிறோம். காரணம் எளிது. அந்தப் பாடல்களில் முன்னால் நிற்பவர் எவராயினும் அழைக்கப்படுகிறார்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளியேற்றத்தைப் பற்றி நம்மவர் எழுதிய கவிதைகளிலும் கதைகளிலும் வரும் 'எங்கள்' யாரை வெளியே நிறுத்துகிறது? கிழக்கில் ஊர்காவல் படையினரின் கையால் இறந்த தமிழ்க் கிராமத்தவருக்கு நம் பாடல்களில் இடம் உண்டா? யுத்தம் முடிந்தபின் நம் சனம் முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது காணி தொடர்பாக எழுந்த சர்ச்சைகளில் இரு பக்கமும் உயர்த்திப் பிடித்தது அந்த ஒரே சொல்லைத்தான்.

இப்போது வன்னியில் கையடக்கத் தொலைபேசியில் பாடல் பதிவுசெய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சைக்கிள் மிதி தேவையில்லை. பாடட்டும். சாந்தனைக் கேட்டே பாடக் கற்றுக்கொள்ளட்டும். குரலை எப்படி ஏற்றுவது, இழவை எப்படி இறக்கி வைப்பது என்பதற்கு அவரைவிட நல்ல ஆசிரியர் அங்கே குறைவு. மண்ணைப் பற்றி எழுதும் வரி வரும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, பக்கத்து வளவில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்கட்டும். அதன் பிறகு 'எங்கள்' என்று எழுதுவதா, 'நமது' என்று எழுதுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.